மாமாவுக்குக் கோவம்

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயை மூடிக் கெட்டவன். குடும்பத்தில் எனக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர். நேரில் யாரும் சொல்ல மாட்டார்கள். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவனிடம் எல்லோருக்கும் கொஞ்சம் பயம் உண்டு, பாதிப் பேருக்கு நான்தான் கியர் போடக் கற்றுக்கொடுத்தேன். ஆனாலும் நான் உள்ளே வரும்போது பேச்சு சட்டென்று நிற்கிறதே, அதிலிருந்து தெரிந்துகொள்ள முடியாதா என்ன?

எனக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டேன். தட்டைத் தூக்கி எறிய மாட்டேன். பேச்சை நிறுத்திவிடுவேன், அவ்வளவுதான். மற்றவர்களிடம் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே சிரித்துப் பேசுவேன். கோபம் யார்மேலோ அவருக்கு மட்டும் ஒரு சொல் கிடையாது. பெரும்பாலும் அது என் மனைவியாகத்தான் இருக்கும். அவள் அறைக்குள் வந்தால் நான் சுவரைப் பார்ப்பேன், பேப்பரைப் பார்ப்பேன், கண்ணை மூடித் தூங்குவதுபோல் கிடப்பேன். அவளும் சளைத்தவள் இல்லை. ஒரு தடவைகூட இறங்கி வந்ததில்லை. கடைசியில் நான்தான் வழிக்கு வருவேன். "என் கண்ணாடி எங்க?" என்று பொதுவாகக் கேட்பேன். "மூஞ்சியிலதான் இருக்கு" என்பாள். சண்டை முடிந்தது என்று அர்த்தம். எங்கள் கல்யாண வாழ்க்கை முழுவதும் அந்தக் கண்ணாடி தொலைந்தபடியேதான் இருந்திருக்கிறது.

இந்த முறை கண்ணாடியைத் தேட எனக்கு மனசே வரவில்லை. விஷயம் அப்படிப்பட்டது.

எனக்குப் பார்க்கின்சன் நோய். மூளையில் ஊற வேண்டிய ஏதோ ஒன்று ஊறாமல் போய்விட்டது, அதை மாத்திரையாக நான் உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நேரத்துக்குப் போட்டால் நானும் நாலு பேர் மாதிரி நடப்பேன், பேசுவேன், சட்டைப் பொத்தான் போடுவேன். நேரம் தவறினால் முதலில் கை ஆடும், பிறகு கால் தரையில் ஒட்டிக்கொள்ளும், பிறகு முகம் இறுகிவிடும். நோய் என்று தெரிந்த அன்றே வண்டிக்குள் உட்காருவதை நிறுத்திவிட்டேன். அதில் எனக்கு நேர்மை உண்டு. ரோட்டுப் பாடத்துக்கு வேறு ஆளை வைத்துவிட்டு, சிக்னல், போர்டு, சட்டம் என்று வகுப்பறைப் பாடம் மட்டும் நடத்தினேன். மாணவர்களிடம் முட்டி வலி என்று சொல்லியிருந்தேன். நடுங்கும் கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பாடம் நடத்துவது ஒரு ஸ்டைல் என்றுகூட இரண்டு பேர் நினைத்தார்கள்.

அந்த வகுப்புக்குள்தான் என் மனைவி இவள் தண்ணீர் பாட்டிலோடு வந்து நின்றாள். "என்னங்க, நடுக்கத்துக்கு மாத்திரை போடாமலே வந்துட்டீங்க" என்றாள். நிறைந்த வகுப்பு. அத்தனை கண்ணும் என் பாக்கெட்டுக்குப் போயிற்று. நான் மாத்திரையை வாங்கி விழுங்கினேன். அன்றைக்கு நிறுத்தினேன் பேச்சை.

அது ஓடிக்கொண்டிருக்கும்போதே என் குடலிறக்க ஆபரேஷனுக்குத் தேதி வந்துவிட்டது. "உங்க அக்காவை ஆஸ்பத்திரிப் பக்கம் வர வேணாம்னு சொல்லு" என்று மச்சினனிடம் சொன்னேன். இவள் அப்போது அடுப்படியில், கையெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். "நான் ஏன் வரேன்? சொல்லுடா அவர்கிட்ட" என்றாள். ஆனாலும் மாத்திரைகளை ஒரு சின்ன டப்பாவில் போட்டுத் தம்பி கையில் கொடுத்து, எப்போது எது என்று ஒன்றுக்கு மூன்று முறை சொன்னாள். அவன் மூன்று முறையும் தலையாட்டினான்.

என் மச்சினன் நல்லவன். தங்கம். ஆனால் வாய் இருக்கிறதே, அது லவுட் ஸ்பீக்கர். மனதில் அவனுக்கு நான் வைத்திருக்கும் பெயரே ஸ்பீக்கர்தான். என்னிடம் கேட்கிற கேள்விக்கு அவன் பதில் சொல்வான். வார்டில் சேர்க்கும்போதும் அப்படித்தான். "வேற ஏதாவது நோய் இருக்கா?" என்று சிஸ்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். "கை லேசா நடுங்கும் சிஸ்டர், அதுக்கு ஒரு மாத்திரை. மத்தபடி இரும்பு மாதிரி இருப்பாரு" என்றான் இவன்.

"வெளி மருந்து இங்க வெச்சுக்கக் கூடாது. எங்ககிட்ட குடுத்துடுங்க, நாங்களே பாத்துக் குடுப்போம்" என்று டப்பாவை வாங்கிக்கொண்டார்.

"சிஸ்டர், அது நேரத்துக்கு வேணும்" என்றேன் நான். அத்தனை பேர் முன்னால் நோயின் பெயரைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"எல்லாருக்கும் நேரத்துக்குத்தான் ஐயா குடுக்குறோம்" என்றார் அவர். டப்பா வார்டின் கோடியில் இருந்த மேஜை இழுப்பறைக்குள் போயிற்று. என் கட்டிலில் இருந்து அந்த இழுப்பறை நன்றாகத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன் என்று அப்போது தெரியாது.

ஆபரேஷனுக்கு முன் தண்ணீர்கூடக் கூடாது என்றார்கள். அந்த வேளை மாத்திரை போயிற்று. ஆபரேஷன் முடிந்து மயக்கத்தில் கிடந்தேன். அடுத்ததும் போயிற்று. கண் விழித்தபோது குமட்டியது, இரண்டு முறை வாந்தி. வாந்தி நிற்க ஓர் ஊசி போட்டார்கள். வாந்தி நின்றது. கூடவே நானும் நின்றுவிட்டேன்.

மறுநாள் காலையில் விழித்தேன். விழித்தேன் என்றால் உள்ளே விழித்தேன். ஜன்னல் தெரிந்தது, வெயில் தெரிந்தது, பக்கத்துக் கட்டில் தையல்காரர் கொட்டாவி விட்டது தெரிந்தது. எழுந்து உட்கார நினைத்தேன். நினைப்பு நினைப்பாகவே இருந்தது. கையிடம் சொன்னேன், கேட்கவில்லை. காலிடம் சொன்னேன், கேட்கவில்லை. கண் இமையை மூடக்கூட நேரம் பிடித்தது. நெற்றியில் ஒரு ஈ உட்கார்ந்து நிதானமாகக் கை தேய்த்துக்கொண்டது. முன்பு ஒரு தடவை ஊருக்குப் போன இடத்தில் மாத்திரை தவறி இப்படிப் பாதி இறுகியிருக்கிறேன், அதனால் எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனால் இது அதைவிடப் பல மடங்கு. அந்த ஊசி என் நோய்க்கு ஆகாத ஊசி. ஒரு தடவை இவள் எனக்காக டாக்டரிடம் கேட்டு, வாந்தி ஊசியில் எது ஆகும் எது ஆகாது என்று தெரிந்து வைத்திருந்தாள். அவளுக்குத் தெரியும். அவளைத்தான் வர வேண்டாம் என்று சொல்லியாயிற்றே.

"குட் மார்னிங் மாமா" என்று ஸ்பீக்கர் குனிந்தான்.

டப்பா. டப்பாவை எடுடா. உள்ளே கத்தினேன். உதடு அசையவில்லை.

அவன் என் முகத்தை உற்றுப் பார்த்தான். பிறகு சிரித்தான். "ஆரம்பிச்சாச்சா? என்கிட்டயும் பேச மாட்டீங்களா? நான் என்ன பண்ணேன்?"

தையல்காரர் என்னவென்று கேட்டார். "எங்க மாமாவுக்குக் கோவம். வந்துச்சுன்னா வாரக்கணக்கா வாயைத் திறக்க மாட்டாரு. நேத்து டிவி சத்தத்தை ஏத்துனேன்ல, அதுக்குத்தான் இருக்கும். பாருங்க, மூஞ்சியை எப்படித் தூக்கி வெச்சிருக்காருன்னு."

எல்லோரும் பார்த்தார்கள். புலி வருது புலி வருது என்று கத்தினவன் கதை தெரியும்தானே. எனக்குப் புலி வந்தேவிட்டது, கத்தத்தான் வழியில்லை.

டியூட்டி டாக்டர் வந்தார், சின்ன வயசு, முந்தின இரவின் தூக்கம் இன்னும் கண்ணில் இருந்தது. "ஐயா, கையைத் தூக்குங்க" என்றார். தூக்கினேன். உள்ளேதான் தூக்கினேன். அவரே என் கையைப் பிடித்து உயர்த்தினார். அது கட்டை மாதிரி அப்படியே நின்றது.

"பாத்தீங்களா டாக்டர், வேணும்னே விறைச்சுக்கிட்டு முரண்டு பிடிக்கிறாரு" என்றான் ஸ்பீக்கர்.

டாக்டர் என் வாய் கோணியிருக்கிறதா என்று பார்த்தார். பக்கவாதம் மாதிரி இல்லை என்றார். மயக்க மருந்தின் அசதியாகவும் இருக்கலாம் என்றார். "இவரு எப்பவுமே இப்படித்தானா?"

"எப்பவுமே இப்படித்தான். கேளுங்க யாரை வேணும்னாலும்."

"எங்க அப்பாவும் இதே டைப்புதான்" என்று சொல்லி டாக்டர் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. ஆளுக்கு ஆள் இதையே சொன்னால் அவர் என்ன செய்வார்? எத்தனையோ பேருக்குப் பக்கத்து சீட்டில் இருந்து ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். என் காலடியில் எப்போதும் இன்னொரு பிரேக் இருக்கும். எவன் எங்கே கொண்டுபோய் மோதப் பார்த்தாலும் நான் அமுக்கினால் வண்டி நிற்கும். இப்போது எல்லோரும் என்னை ஓட்டுகிறார்கள், என் காலடியில் ஒன்றுமே இல்லை.

வாயில் எச்சில் சேர்ந்தது. விழுங்க முடியவில்லை. அது தொண்டையில் நின்று களகளவென்று சத்தம் போட்டது. ஸ்பீக்கர் பாசக்காரன் அல்லவா, வாய் காய்ந்திருக்கும் என்று நினைத்து டீயை ஆற்றி என் உதட்டில் வைத்துச் சாய்த்தான். அது போக வேண்டிய வழியில் போகவில்லை. மூச்சு முட்டியது. இருமல் வந்ததே பெரிய விஷயம், அது மட்டும் என்னைக் கேட்காமல் தானாக வந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். குடலிறக்கத்துக்கு வந்து டீயில் செத்தவன் என்று பெயர் வாங்கப் போகிறேன் என்று நினைத்தேன்.

சிஸ்டர் ஓடி வந்து என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைத் துடைத்தார். "இன்னும் குமட்டல் நிக்கல போலிருக்கு. வாய்வழியா எதுவும் வேணாம். டாக்டர் எழுதினபடி சாயங்காலம் இன்னொரு ஊசி போட்டுடலாம்" என்றார்.

அந்த ஊசியால்தான் விழுங்க முடியவில்லை. விழுங்க முடியாததால்தான் அந்த ஊசி. சாயங்காலம் அதையும் போட்டால் இப்போது தானாக வருகிற இருமலும் வராமல் போகும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இழுப்பறை அங்கே இருந்தது. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் அதன்மேல் இடித்துக்கொண்டு போனார்கள். யாரோ அதைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மூடினார்கள். என் டப்பாவின் நீல மூடியைக்கூடப் பார்த்தேன் என்று தோன்றியது, சத்தியமாகச் சொல்ல முடியாது.

மத்தியானம் அவன் அக்காவிடமிருந்து போன் வந்தது. "மாமாவா? உசுரோடதான் இருக்காரு. ஆனா என்கிட்டயும் பேச மாட்டேங்குறாரு" என்று சொல்லிவிட்டு ஸ்பீக்கர் போனை என் காதில் வைத்தான்.

"என்னங்க" என்றாள். பேச்சு நின்ற பிறகு அவள் என்னை நேராகக் கூப்பிட்டது அப்போதுதான். "வலி இருக்கா? மாத்திரை குடுக்குறாங்களா?"

இல்லை. குடுக்கவில்லை. இல்லை.

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். எனக்கு அவளுடைய மூச்சு கேட்டது, பின்னால் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தமும் கேட்டது. "நான் வரட்டுமா? வேணாம்னா பேசாம இருங்க, புரிஞ்சுக்கறேன்" என்றாள்.

பேசாமல் இருந்தேன். என்ன செய்வேன். அவள் மெதுவாக, "சரி" என்றாள். ஸ்பீக்கர் போனை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். தன் வினை தன்னைச் சுடும் என்று பேச்சுக்குச் சொல்கிறோம், அன்றைக்குத்தான் சூடு தெரிந்தது. என் கண்ணோரம் தண்ணீர் ஓடியது. தையல்காரர் அதைப் பார்த்தார். "அழறாரே தம்பி, மனசு கொஞ்சம் இளகுது போல. கிட்டப்போய் ஸாரி சொல்லு" என்றார். ஸ்பீக்கர் என் காலைத் தொட்டு, டிவி சத்தம் வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டான்.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கியது. பார்வையாளர் மணி அடித்தது. பழப்பையும் பிளாஸ்க்குமாக ஆட்கள் உள்ளே வந்தார்கள். நான் மேஜைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் ஒரு தட்டில் பஞ்சும் ஊசியும் எடுத்து வைத்தார். முதல் கட்டிலில் ஆரம்பித்தார். நான் கடைசிக்கு முந்தின கட்டில்.

அப்போதுதான் இவள் வந்தாள்.

கதவருகிலேயே நின்றாள். வருவதா போவதா என்று அவளுக்கே தெரியவில்லை என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது. என் ஆயுசிலேயே அவள் முதலில் இறங்கி வந்தது அன்றைக்குத்தான். எத்தனை வருஷம் அதற்கு ஏங்கியிருக்கிறேன். மெதுவாக வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்து அதன் வாரைத் திருகினாள்.

"வரக் கூடாதுன்னீங்க. இருந்து பாத்தேன், முடியல" என்றாள். "நான் அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாது. தப்புதான். வெளியே கூப்பிட்டுக் குடுத்திருக்கலாம். உங்களுக்கு அது எவ்வளவு அவமானம்னு வீட்டுக்கு வந்தப்புறம்தான் உறைச்சுது. உடனே சொல்லியிருக்கணும், எனக்கும் வீம்பு. மன்னிச்சுடுங்க."

மன்னிப்பெல்லாம் யாருக்கு வேண்டும். அந்தத் தட்டைப் பாருடி. தட்டு மூன்று கட்டில் தள்ளி இருந்தது.

"இவ்வளவு சொல்றேன், இன்னும் என்னங்க?" என்றாள். "என்ன பண்ணா போகும் உங்க கோவம்?"

"விடுக்கா. நான் கால்ல விழுந்தே பாத்துட்டேன்" என்றான் ஸ்பீக்கர். "காலையிலேர்ந்து இதே மூஞ்சிதான்."

தட்டு பக்கத்தில் வந்துவிட்டது. "கொஞ்சம் எந்திரிங்கம்மா, ஊசி போடணும்" என்றார் சிஸ்டர். இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஒதுங்கி என் கால்மாட்டுக்குப் போனாள். சிஸ்டர் என் கையில் ஏற்கெனவே செருகியிருந்த குழாயின் மூடியைத் திறந்தார்.

நான் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான். இவள் போன திசையில் என் கண்ணைத் திருப்பினேன். உடம்பில் மிச்சமிருந்த தெம்பையெல்லாம் கண்ணுக்குக் கொண்டுபோனேன். கண் மெல்ல நகர்ந்து அவளிடம் போய் நின்றது. இமைக்கவில்லை. இமைக்கவும் முடியாது.

இவள் நின்றாள். ஓர் அடி இடப்பக்கம் நகர்ந்தாள். என் கண் கொஞ்சம் கழித்து அவள் பின்னால் போனது. வலப்பக்கம் வந்தாள். அங்கேயும் போனது.

"சிஸ்டர், நிறுத்துங்க" என்றாள்.

"என்னம்மா?"

"இவரு கோவமா இல்ல."

"அக்கா, உனக்கு ஒண்ணும் தெரியாது, காலையிலேர்ந்து…"

"நீ சும்மா இருடா. என்மேல கோவம்னா இவரு என்னைப் பாக்கவே மாட்டாரு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாத்ததில்ல. இப்ப என்னையேதான் பாக்குறாரு." அதற்குள் அவள் சிஸ்டரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டிருந்தாள். "இது என்ன ஊசி? வாந்திக்கா? பேரைச் சொல்லுங்க. இவருக்குப் பார்க்கின்சன் இருக்கு, அது தெரியுமா உங்களுக்கு? மாத்திரை குடுத்தீங்களா? எங்கே அந்த டப்பா?"

சிஸ்டருக்கு முகம் வெளுத்தது. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு மேஜைக்கு ஓடினார். இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. நாள் முழுக்க நான் கேட்கக் காத்திருந்த சத்தம். டப்பாவைக் கொண்டுவந்தார். இவள் மூடியைத் திறந்து பார்த்தாள். போட்டுக் கொடுத்தது கொடுத்தபடியே இருந்தது. தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். ஸ்பீக்கர் வாய் திறக்காமல் நின்ற அந்தக் காட்சியைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

பெரிய டாக்டர் அம்மா வந்தார். என் கையை மடக்கிப் பார்த்தார், முகத்தில் டார்ச் அடித்தார், எழுதியிருந்த மருந்துகளைப் படித்துவிட்டு அந்தச் சின்ன டாக்டரை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து எங்களிடம், "தப்பு எங்களுது. வார்டு நேரம் இந்த மாத்திரைக்குச் செல்லாது, அதுவும் இந்த ஊசி இவருக்குப் போட்டிருக்கவே கூடாது" என்றார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு மாத்திரையைக் கரைத்து ஊற்றினார்கள். உடனே ஒன்றும் நடக்கவில்லை. போட்ட ஊசி உடம்பை விட்டு இறங்க வேண்டுமே. இவள் போகவில்லை. பார்வையாளர் நேரம் முடிந்தது என்று யாரோ வந்து சொன்னார்கள். இவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் பொழுது விடிந்து வெயில் ஜன்னலுக்கு வந்தபோது என் சுண்டுவிரல் அசைந்தது. பிறகு கட்டைவிரல். பிறகு முழுக் கையும் வழக்கம்போல் ஆட ஆரம்பித்தது. அந்த நடுக்கத்தைப் பாக்கெட்டுக்குள் ஒளித்துவைத்த ஆள் நான்தானா என்று இருந்தது. ஆடட்டும் என்று விட்டுவிட்டேன். ஸ்பீக்கர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். "மாமா, ஏதாவது திட்டுங்க மாமா" என்றான். திட்ட நிறைய இருந்தது. நாக்குதான் இன்னும் சரியாகப் புரளவில்லை.

இவள் முகத்தைப் பார்த்தபடி முதல் வார்த்தையைப் பிடித்து இழுத்தேன். அது வருவதற்குள் அவள் இரண்டு முறை குனிந்து காதைக் கொடுத்தாள்.

"கண்… ணாடி… எங்க?"

கண்ணாடி நிஜமாகவே மூஞ்சியில் இல்லை, ஆபரேஷனுக்கு முன் கழற்றி அலமாரியில் வைத்திருந்தார்கள். இவள் சிரிக்கவில்லை. எழுந்துபோய் எடுத்துவந்து, புடவைத் தலைப்பில் துடைத்து, என் காதில் மாட்டிவிட்டாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். இனிமே என்கிட்ட பேசாம மட்டும் இருக்காதீங்க. திட்டுங்க, கத்துங்க, தட்டைத் தூக்கி எறிங்க, நான் பொறுத்துக்கறேன். பேசாம இருந்தீங்கன்னா, எது கோவம் எது நோவுன்னு எனக்குத் தெரியாம போயிடும்."

இந்த நோய் எங்கே போய் முடியும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஒருநாள் மாத்திரை நேரத்துக்கு வந்தும் முகம் இளகாது, வாய் திறக்காது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் அதுவரை பேசியதே இல்லை. அவள் கேட்டதற்கு "சரி" என்று சொல்ல வாயெடுத்தேன். இரண்டே எழுத்துதான். வர மாட்டேன் என்றது. முன்பெல்லாம் இப்படி நேரமானால் அவள் எழுந்து போய்விடுவாள். இப்போது என் கண்ணையே பார்த்துக்கொண்டு, அது வரும்வரைக்கும் உட்கார்ந்திருந்தாள்.